காந்தமில்லாத குழாயில் தண்ணீர்

“பத்தொன்பதாம் தேதி வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இருக்க முடியாதா உன்னால? பதினோரு நாள்! ஒன்பது வருஷம் பொறுத்தவளுக்குப் பதினோரு நாள் பொறுக்க முடியாதா?”

“கத்தாதீங்க. எதிர் வீட்டு அக்காவுக்குக் கேக்கும்.”

“கேக்கட்டுமே! இந்தக் கட்டடத்துல அவங்களுக்குக் கேக்காதது எது?”

“அண்ணா, நீ சும்மா இரு. முதல்ல அண்ணி எனக்கு ஒரு பதில் சொல்லட்டும். என் கிட்னி நல்லா இருக்கா, இல்லையா?”

“நல்லாத்தான் இருக்கும், குட்டி.”

“இருக்கும்னா? கெட்டுப்போகுதுன்னு பேப்பர்ல போட்டிருக்கானே!”

“பேப்பர்ல போட்டது தப்பா இருக்கலாம். எலிக்கு நான் தண்ணி வச்சுட்டேன்.”

“எலிக்கு நீங்க தண்ணி வச்சா என் கிட்னிக்கு என்ன அண்ணி?”

நியாயமான கேள்வி. அந்த எதிர் வீட்டு அக்கா நான்தான். கதவுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்த எனக்கும் அதே சந்தேகம்தான். ஞாயிற்றுக்கிழமை காலை, மூன்றாம் மாடி, இரண்டு வீட்டுக் கதவுக்கும் நடுவில் நாலடி நடைவழி. ஒட்டுக்கேட்க வேண்டிய அவசியமே இல்லை, காதைப் பொத்திக்கொள்ளத்தான் பிரயத்தனப்பட வேண்டும். நான் அவ்வளவு பிரயத்தனக்காரி இல்லை. தொலைபேசி நிலையத்தில் இருபத்திரண்டு வருஷம் அடுத்தவர் பேச்சுக்கு இணைப்புக் கொடுத்து ஓய்வு பெற்றவள்.

அந்த வீட்டில் மூன்று பேர். கத்தியவர் லிஃப்ட்காரர். ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் பழுது பார்ப்பார், எங்கள் கட்டடத்து லிஃப்ட் மட்டும் இரண்டு வருஷமாக முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில் நிற்கிறது. கேட்டால், “அது வேற கம்பெனி” என்பார். கிட்னிக்குக் கவலைப்பட்டவள் அவர் தங்கை, குட்டி. குட்டி என்றால் முப்பது வயது. பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் அறையில் வேலை. ஆளைப் படுக்கவைத்துக் காந்தக் குழாய்க்குள் தள்ளிப் படமெடுப்பார்களே, அந்த மெஷினை ஓட்டுபவள். மூன்றாவது, லிஃப்ட்காரரின் மனைவி. அவளுக்கு எங்கள் கட்டடம் வைத்திருக்கும் பெயர் எலியம்மா. ஆராய்ச்சிக்கூடத்தில் எலி பார்க்கிறவள். அந்தப் பெயர் அவளுக்குத் தெரியும். ஒரு நாள் என்னிடமே, “பரவாயில்லக்கா, கரப்பான்பூச்சி ஆராய்ச்சி பண்ற இடத்துல வேலை கிடைக்காமப் போச்சேன்னு சந்தோஷப்படுறேன்” என்றாள்.

அன்று மத்தியானம் மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது விஷயம் முழுதும் எனக்குக் கிடைத்தது. நான் ஒன்றும் தோண்டவில்லை. “முகம் வாடியிருக்கே” என்றேன், அவ்வளவுதான். அவளும் யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுகிற நிலையில் இருந்தாள். கொடியில் தொங்கிய அவள் துணிகளைப் பார்த்தாலே என்ன வேலை என்று தெரியும். ஒன்றில்கூடக் கொக்கி கிடையாது, ஜிப் கிடையாது. எல்லாம் நாடாவும் பிளாஸ்டிக் பட்டனும்.

அவள் வேலை பார்க்கும் இடத்தில் ஒரு காந்தம் இருக்கிறது. இரும்புத் துண்டுக்கு விளையாட்டுக் காட்டுகிற காந்தம் இல்லை. குட்டியின் ஆஸ்பத்திரி மெஷினைப்போல எட்டு மடங்கு பலம். அறை வாசலில் தரையில் மஞ்சள் கோடு போட்டிருக்கும். அதைத் தாண்டும் முன் சாவி, கைக்கடிகாரம், ஹேர்பின், பெல்ட், எல்லாவற்றையும் ஒரு தட்டில் கழற்றி வைத்துவிட வேண்டும். ஒருமுறை கூட்ட வந்த அம்மாள் தலையிலிருந்து ஹேர்பின் பிடுங்கிக்கொண்டு பறந்து குழாய்வாயில் ஒட்டிக்கொண்டதாம். அந்த அம்மாள் அன்றோடு வேலையை விட்டவள்தான்.

ஆஸ்பத்திரிகளுக்கு இன்னும் பலமான மெஷின்கள் வரப்போகின்றன. அதற்குள் மனுஷனைப் படுக்கவைத்தால் உடம்புக்கு ஏதாவது ஆகுமா என்று முன்னாலேயே தெரிய வேண்டுமல்லவா? அதற்குத்தான் வெள்ளைச் சுண்டெலிகள். பன்னிரண்டு எலிகளைப் பிளாஸ்டிக் அறைகளில் அடுக்குப் பாத்திரம் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காந்தக் குழாய்க்குள் இறக்குவார்கள். காலை ஒன்பதிலிருந்து மூன்று மணி வரை. ஐந்து வாரம், ஞாயிறு விடுமுறைகூடக் கிடையாது. இன்னொரு பன்னிரண்டை அடுத்த அறையில் ஒரு வெற்றுக் குழாயில் வைப்பார்கள். அதே அளவு, அதே இருட்டு, மெஷின் போடுகிற சத்தத்தைக்கூடப் பதிவு பண்ணி ஒலிபெருக்கியில் விடுவார்கள். காந்தம் மட்டும் இருக்காது. எல்லாம் ஒன்றாக இருந்து, காந்தம் மட்டும் வேறாக இருந்தால்தான், கடைசியில் வித்தியாசம் வந்தால் அது காந்தத்தின் வேலை என்று சொல்ல முடியும். இவ்வளவுதான் சூட்சுமம். எனக்கே புரிந்தது.

“வெளியில எடுத்து விட்டா, காந்தக் குழாய் எலிங்க ரெண்டு நிமிஷம் ஒரே பக்கமா வட்டம் வட்டமாச் சுத்தும்க்கா. காதுக்குள்ள இருக்கிற தண்ணி கலங்கிப்போயிடுமாம், தலைசுத்தல் மாதிரி. அப்புறம் மறந்துட்டுத் திங்க ஆரம்பிச்சிடும்” என்றாள். சொல்லும்போது ஒரு விரலால் காற்றில் வட்டம் போட்டுக் காட்டினாள். ஒன்பது வருஷத்தில் அந்த எலிகளைப் பற்றி அவள் சலிப்பில்லாமல் பேசி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

இப்போது தண்ணீருக்கு வருகிறேன். எலிக்குத் தண்ணீர் வைப்பது பாட்டிலில். தலைகீழாகத் தொங்கும், வாயில் ஒரு எஃகுக் குழல், அதன் நுனியை எலி நக்கும். எஃகு என்பதால் காந்த அறைக்குள் கொண்டுபோக முடியாது. கொண்டுபோனால் குண்டு மாதிரிப் பறக்கும். அதனால் காந்தக் குழாய் எலிகளுக்கு அந்த ஆறு மணி நேரம் தீனி உண்டு, தண்ணீர் கிடையாது. திட்டத்தில் இரண்டு கூட்டத்துக்கும் கிடையாது என்றுதான் எழுதியிருக்கிறது.

எலியம்மா முதல் நாள் வெற்றுக் குழாய் எலிகளை உள்ளே வைத்தாள். இங்கேதான் காந்தம் இல்லையே, பாட்டில் பறக்கப் போவதில்லையே, இதுகள் எதற்குத் தொண்டை வறண்டு கிடக்க வேண்டும் என்று தோன்றியது. பன்னிரண்டு சின்ன பாட்டிலை மாட்டினாள். அவ்வளவுதான். ஒளித்துச் செய்யவில்லை, சொல்லியும் செய்யவில்லை. அவள் நிரப்புகிற பதிவேட்டில் எடை, தீனி, அறைச் சூடு எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு, குழாய்க்குள் தண்ணீர் வைத்தாயா என்று கேட்க ஒரு கட்டம் இல்லை. முப்பத்தைந்து நாளும் வைத்தாள்.

“ஆறு மணி நேரம் தண்ணி இல்லாட்டி என்ன ஆயிடப்போவுது? நானே அப்படித்தான் கிடக்கிறேன்” என்றேன்.

“பகல்தான்க்கா அதுங்களுக்கு ராத்திரி. நாங்க விளக்கை மாத்தி வச்சிருக்கோம். ராத்திரி பூரா ட்யூப்லைட், பகல் பூரா இருட்டு. நாங்க சிவப்பு பல்புல தடவித் தடவி வேலை பார்ப்போம். அதுங்க முழிச்சு ஓடி ஆடித் திங்கிற நேரமே அந்த ஆறு மணி நேரம்தான். தண்ணி இல்லாட்டி காய்ஞ்ச தீனியைத் தொடாது.”

எனக்கு இப்போது புரிந்துவிட்டது. ஐந்து வாரம் கழித்து எடை பார்த்தால் காந்தக் குழாய் எலிகள் மெலிந்திருந்தன. ரத்தத்தில் யூரியா ஏறியிருந்தது. சிறுநீரகம் கெட்டாலும் அது ஏறும், தண்ணீர் குறைந்தாலும் ஏறுமாம். வெற்றுக் குழாய் எலிகள் கொழுகொழுவென்று இருந்தன. கூடத்தின் தலைவர் ஐயா வயதான மனுஷர், பத்து வருஷமாக ஒன்றும் உருப்படியாகக் கண்டுபிடிக்காதவர். சந்தோஷம் தாங்காமல் செவ்வாய்க்கிழமை ஒரு கூட்டத்தில் எழுந்து சொல்லிவிட்டார். அங்கே ஒரு பத்திரிகைக்காரன் இருந்திருக்கிறான். வெள்ளிக்கிழமை, ‘காந்த அறை சிறுநீரகத்தைக் கெடுக்கிறதா?’ என்று கொட்டை எழுத்தில் வந்துவிட்டது. பக்கத்தில் ஒரு எலிப் படம். “அது எங்க எலியே இல்ல” என்றாள் எலியம்மா. அதில் அவளுக்குத் தனி வருத்தம்.

அவளுக்குப் பொறி தட்டியது செவ்வாய்க்கிழமையே, ஐயா யூரியா என்ற வார்த்தையைச் சொன்னபோது. சாயங்காலம் புருஷனிடம் சொல்லியிருக்கிறாள். அவர் கேட்ட முதல் கேள்வி, “தண்ணியாலதான்னு உனக்கு எப்படித் தெரியும்? நீ என்ன டாக்டரா?”

“தெரியாதுங்க. அதான் விஷயமே. தண்ணியா, காந்தமான்னு இனிமே யாராலும் சொல்ல முடியாது.”

“யாராலும் சொல்ல முடியாததை நீ ஏன் சொல்ற?”

லிஃப்ட்காரரைத் திட்டுவதற்கு முன் அவர் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். எலியம்மா ஒன்பது வருஷமாக ஒப்பந்தத்தில் இருக்கிறாள். வருஷத்துக்கு வருஷம் புதுப்பிப்பார்கள், ஒவ்வொரு வருஷமும் அந்த மாதம் அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிட மாட்டார்கள், எனக்குத் தெரியும். இந்தத் தடவை நிரந்தரமாக்கப் போகிறார்கள். மூன்று பேர் பட்டியல், அதில் இவள் பெயர் முதலில். பத்தொன்பதாம் தேதி உத்தரவு. எலிக்கூடத்தில் நடைமுறை தவறியவள் என்று கோப்பில் ஒரு வரி ஏறினால் அந்தப் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும், அடுத்த பட்டியல் எப்போது என்று கடவுளுக்கே தெரியாது. உத்தரவு கைக்கு வந்தபிறகு சொன்னால் கண்டிப்பார்கள், எச்சரிப்பார்கள், வெளியே அனுப்ப மாட்டார்கள். “சொல்லாதேன்னா சொன்னேன்? பதினோரு நாள் கழிச்சுச் சொல்லுன்னுதானே சொன்னேன்” என்று அவர் தலையிலடித்துக்கொண்டதில் தப்பு என்ன?

தப்பு எங்கே வந்தது என்றால், குட்டிக்குக் கல்யாணம் பேசியிருந்தது. மாப்பிள்ளை கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். முழங்கால் வலி என்று ஸ்கேன் எடுக்க வந்தவரிடம் குட்டி சாவி, பெல்ட், செல்போன் எல்லாம் வாங்கி வைத்துவிட்டு, கண்ணாடியையும் கழற்றச் சொல்லியிருக்கிறாள். கண்ணாடி இல்லாமல் பார்த்ததால்தான் அவளைப் பிடித்துப்போனது என்பது லிஃப்ட்காரரின் ஜோக். வருஷத்தில் நூறு தடவை சொல்லுவார்.

சனிக்கிழமை கண்ணாடிக்காரரின் அம்மா எங்கள் கட்டடத்துக்கு வந்தார். அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டவில்லை. என் கதவைத் தட்டினார். குடிக்கத் தண்ணீர் கேட்டார், உட்கார்ந்தார், பேப்பரை மடியில் விரித்தார்.

“அந்தப் பொண்ணு இந்தக் காந்தத்துலதானே வேலை பார்க்குது?”

“ஆமாங்க, நாலு வருஷமா” என்றேன். “இதைக் கண்டுபிடிச்சதே அவ அண்ணி வேலை பார்க்கிற இடம்தான்” என்று பெருமையாக வேறு சேர்த்தேன். நம் மாடிக்காரி விஷயமாயிற்றே.

“அப்ப உண்மையாத்தான் இருக்கும். பிள்ளை குட்டி பிறக்கிறதெல்லாம்…?”

“அது எனக்குத் தெரியாதுங்க.”

சத்தியமாக எனக்குத் தெரியாதுதான். ஆனால் நான் தெரியாது என்று சொன்னால் இந்தத் தெருவில் யாரும் நம்புவதில்லை. அந்த அம்மாள் என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார், பேப்பரை மடித்தார், எழுந்து போனார். அன்று சாயங்காலமே, ‘கொஞ்சம் தள்ளிப்போடலாம்’ என்று போன் வந்துவிட்டது. மறுநாள் காலைச் சண்டைக்குத் தீ எங்கிருந்து வந்தது என்று இப்போது உங்களுக்குத் தெரியும். அந்த அம்மாள் என்னிடம் வந்ததை எலியம்மாவுக்கு நான் சொல்லவில்லை. மொட்டைமாடியில் அவள் இவ்வளவையும் என்னிடம் கொட்டும்போது நான் கிளிப்பை வாயில் கவ்விக்கொண்டு தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்த மூன்று நாள் அந்த வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லை. சத்தம் இருந்தால்கூடச் சமாளிக்கலாம். தட்டு வைக்கிற ஓசை, குழாயை மூடுகிற ஓசை, லிஃப்ட்காரர் இருமுவது. எலியம்மா ஏழு மணிக்குப் போவாள், நாலரைக்கு வருவாள், வெளிச்சம் பட்டதும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படியேறுவாள். அறுபது படி. இரண்டாம் மாடியில் ஒரு தடவை பையைக் கீழே வைத்துவிட்டு நிற்பாள். எப்போதும் நிற்பவள்தான், இப்போது நிற்கிற நேரம் கூடிவிட்டது.

புதன்கிழமை நான் சர்க்கரை கேட்கப் போனேன். என் வீட்டில் சர்க்கரை இருந்தது. குட்டி அப்போதுதான் வேலையிலிருந்து வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

“இன்னிக்கு மூணு பேர் டேபிள்ல இருந்து இறங்கிப் போயிட்டாங்க அண்ணி” என்றாள். “ஒரு தாத்தா பேப்பரைக் கையிலேயே கொண்டுவந்திருக்கார். அஞ்சு மாசமாத் தலைவலி அவருக்கு. கிட்னியைக் குடுத்துத் தலையைக் காப்பாத்த வேணாம்மாங்கிறார்.”

எலியம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் அண்ணி” என்றாள் குட்டி, ஷூவை ஓரமாக வைத்துவிட்டு. அவளுக்குள் ஞாயிற்றுக்கிழமைக் கோபம் இறங்கிப்போயிருந்தது. “அண்ணா சொல்றதும் சரிதான். பத்தொன்பது வரட்டும். நான் எக்ஸ்ரே பக்கம் மாத்திக் கேக்கறேன். கண்ணாடிக்கடைக்கும் அதைச் சொல்லிடலாம்.”

“நீ மாத்திக்கிட்டா அந்த இடத்துல இன்னொருத்தி வந்து நிப்பா” என்றாள் எலியம்மா. “தாத்தா தலைவலியோட வீட்ல இருப்பாரு.” பிறகு என்னைப் பார்த்து, “சர்க்கரை அந்த மேல் டப்பால இருக்குக்கா, எடுத்துக்குங்க. இன்னும் எவ்வளவு நேரம் நிப்பீங்க?” என்றாள். அவள் அப்படியெல்லாம் பேசுகிறவள் இல்லை. சரி, களைப்பு.

வியாழக்கிழமை ஐயா அவளைத் தம் அறைக்குக் கூப்பிட்டார். ஐயாவின் மேஜையில் எப்போதும் பாதி கடித்த ரொட்டி ஒன்று காகிதத்தின்மேல் இருக்குமாம். மதியச் சாப்பாடு அதுதான், சாயங்காலம் வரை ஓடும். கட்டுரையைப் பெரிய ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறார், அதற்கு எலி பார்த்தவள் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். ‘காந்தப்புலம் தவிர்த்த மற்ற எல்லாவற்றிலும் இரண்டு பிரிவுகளும் ஒரே மாதிரி நடத்தப்பட்டன.’ ஒரே ஒரு வரி. இவள் வாங்கிப் படித்தாள். பேனாவைத் திறந்தாள். மூடினாள்.

“இதுல நான் கையெழுத்துப் போட முடியாதுங்க ஐயா.”

“ஏன், பேனா எழுதலையா?”

“வெத்துக் குழாயில நான் தண்ணி வச்சேன்.”

“எந்த நாள்?”

“எல்லா நாளும்.”

ஐயா ரொட்டியைப் பார்த்தாராம். காகிதத்தால் அதை மூடினாராம்.

“எதுக்கும்மா?”

“தாகமா இருக்குமேன்னு.”

ஐயா சுவரில் மாட்டியிருந்த அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “நான் அந்த ரூமுக்குள்ள வந்து எத்தனை நாள் இருக்கும்?” என்று கேட்டார்.

“அஞ்சு வாரமா வரலைங்க.”

“நாலுன்னு நினைச்சேன்.”

வந்திருந்தால் முதல் நாளே பாட்டிலைப் பார்த்திருப்பார். அது அவருக்கும் தெரியும். நல்ல மனுஷர், கத்தவில்லை. கத்தினால்கூட இவளுக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். “நீ போ, நான் எழுத வேண்டியதை எழுதறேன்” என்றார். எழுதினார். கட்டுரை நின்றது. செய்தி போட்ட பேப்பருக்கும் திருத்தம் அனுப்பினார். ‘முன்பு வெளியான செய்தியில் குறிப்பிட்ட ஆய்வில் குறைபாடு இருப்பதாகத் தெரியவந்துள்ளது’ என்று நாலு வரி, காணாமற்போன நாய்க்கும் வீடு வாடகைக்கும் நடுவில். எங்கள் தெருவில் அதைப் படித்தது நான் ஒருத்திதான். கத்தரித்துக் கண்ணாடிக்காரரின் அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். நான் செய்த பாவத்துக்கு அதுவாவது செய்ய வேண்டாமா? அந்த அம்மாள் வாசலில் நின்றே படித்துவிட்டு, “முதல்ல கெடுக்கும்னாங்க, இப்ப தெரியலைங்கிறாங்க. ஏதோ மறைக்கிறாங்க” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

லிஃப்ட்காரருக்கு வியாழக்கிழமை சாயங்காலம் தெரிந்தது. இந்தத் தடவை கதவு சாத்தியிருந்தது, அவர் கத்தவும் இல்லை. “சரி” என்ற ஒரு வார்த்தைதான் எனக்குக் கேட்டது. பிறகு நடைவழிக்கு வந்து ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். “டீ போடட்டுமா?” என்றேன். “போடுங்க” என்றார். குடித்துவிட்டு, “ஒன்பது வருஷத்துல ஒரு நாள்கூட லீவு கேக்காதவ. எலிக்குத் தண்ணி வச்சு மாட்டிக்கிட்டா பாருங்க” என்றார். கோபத்தில் சொன்னாரா, பெருமையில் சொன்னாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. அவருக்கும் பிடிபட்டிருக்காது.

மூன்று பேர் உட்கார்ந்து விசாரித்தார்கள். ‘நடைமுறை மீறல்’ என்று கோப்பில் எழுதினார்கள். பத்தொன்பதாம் தேதி உத்தரவு வந்தது, பட்டியலிலிருந்த மற்ற இருவருக்கு. மூன்றாவது இடத்துக்கு, பாட்டில் கழுவுகிற ஆளை நிரந்தரமாக்கினார்கள். நன்றாகக் கழுவுவானாம்.

எலியம்மாவை உடனே அனுப்பவில்லை. சோதனையை மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும், அதற்கு எலியைத் தூக்கத் தெரிந்த கை வேண்டும், அங்கே அந்தக் கை அவளுடையதுதான். ஒப்பந்தம் முடிய நாலு மாதம் இருந்தது. மறுபடி சிவப்பு பல்பு, மறுபடி ஏழு மணி, மறுபடி முப்பத்தைந்து நாள். ஆரம்பிக்கும் முன் ஐயாவிடம் ஒன்று கேட்டிருக்கிறாள். “ரெண்டு கூட்டத்துக்குமே தண்ணி குடுத்தா என்னங்க? பாட்டில் வேணாம், தண்ணியைக் கட்டியாக்கி ஜெல்லி மாதிரி விக்கிறாங்களே, அதுல இரும்பே இல்லையே.” ஐயா யோசித்தார். முடியும்தான். “முதல் தடவையே ஏன் யாருக்கும் தோணல?” என்றாராம். இவளைக் கேட்டாரா, தம்மையே கேட்டுக்கொண்டாரா தெரியாது. இருபத்துநாலு எலிக்கும் ஆளுக்கொரு ஜெல்லித் துண்டு. பதிவேட்டில் அதற்கு ஒரு புதுக் கட்டம்.

இந்தத் தடவை இரண்டு கூட்டமும் ஒரே எடை. யூரியா ஒரே மாதிரி. சிறுநீரகத்தைத் துண்டு போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. காந்தக் குழாயிலிருந்து வந்தவை வழக்கம்போல ரெண்டு நிமிஷம் வட்டம் சுற்றின, அவ்வளவே.

“அப்ப ஒண்ணும் இல்லைன்னு ஆயிடுச்சா?” என்று மொட்டைமாடியில் கேட்டேன். எனக்கு அந்த அம்மாளிடம் போய்ச் சொல்ல ஒரு வார்த்தை தேவைப்பட்டது.

“ஒண்ணும் இல்லைன்னு சொல்லக் கூடாதாம்க்கா. இந்த அஞ்சு வாரத்துல, இந்தப் பலத்துல, இந்த எலிங்ககிட்ட ஒண்ணும் தெரியலைன்னுதான் சொல்லணுமாம்.”

“இதைக் கேட்டு எந்த மாமியார் பொண்ணு எடுப்பா?”

சிரித்தாள். பிறகு பக்கெட்டைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள். சோதனை முடிந்தால் எலிகளை வைத்துக்கொள்வதில்லை. வாயு வைத்துத் தூங்கவைத்து, அப்படியே முடித்து, ரத்தமும் உறுப்புகளும் எடுக்க வேண்டும். அதுவும் இவள் வேலைதான். முந்தின வாரம் அதை முடித்திருந்தாள்.

“பன்னிரண்டுக்குத் தாகமா இருக்குமேன்னு பார்த்தேன்” என்றாள். “அதனால இன்னொரு இருபத்துநாலைக் கொல்ல வேண்டியதாப் போச்சு. வரிசையா எடுத்து எடுத்து வச்சேன்க்கா. கையில ஏறி உக்காருதுங்க, நான்தான் தண்ணி தர்றவன்னு.”

எனக்கு எதற்கும் ஒரு பதில் வாயில் தயாராக இருக்கும் என்று இந்தத் தெருவே சொல்லும். அன்று அவள் பக்கெட்டில் மிச்சமிருந்த ரெண்டு துணியைப் பிழிந்து நானே கொடியில் போட்டேன்.

நாலு மாதம் முடிந்தது, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. ஐயா ஒரு சான்றுக் கடிதம் கொடுத்தார். ‘நேர்மையானவர்’ என்று அதில் எழுதியிருந்ததாம். அதைப் பார்த்துவிட்டு இரண்டு இடத்தில், “ஏன், என்ன நடந்தது?” என்று கேட்டார்களாம்.

கண்ணாடிக்காரர் அந்த வருஷக் கடைசியில் ஒரு பள்ளிக்கூட டீச்சரைக் கட்டிக்கொண்டார். கல்யாணப் பத்திரிகை கொடுக்கக் குட்டியிடம் அவரே வந்தார், வாசலிலேயே நின்றுவிட்டுப் போனார். குட்டி ஸ்கேன் அறையை விடவில்லை. மலைப்பக்கத்து ஊர் ஒன்றில் புது ஆஸ்பத்திரியில் பலமான மெஷின் வைத்திருக்கிறார்கள் என்று அதை ஓட்டப் போனாள், அங்கேயே அடுத்த வருஷம் கல்யாணமும் ஆயிற்று. மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று எலியம்மா சொல்லவில்லை. நானும் இரண்டு தடவைதான் கேட்டேன். ஐயா ஓய்வு பெற்றுக் கடலோரமாக இருக்கிற மகளோடு போய்விட்டார். பாட்டில் கழுவுகிற ஆளுக்கு வேலை நிரந்தரமானதும் வரிசையாக வரன் வந்து, மூன்றாவது வரனைக் கட்டிக்கொண்டான்.

எலியம்மாவும் லிஃப்ட்காரரும் குட்டி இருக்கிற ஊருக்கே குடிபோனார்கள். அந்த ஆஸ்பத்திரியில் ஆறு லிஃப்ட், அவருக்கு அதில் வேலை. அவளுக்கு ஒரு கால்நடை மருத்துவரிடம். பெரும்பாலும் நாய்கள், எப்போதாவது ஒரு முயல். சாமான் ஏற்றிய வண்டி கிளம்பும்போது, “வாங்கக்கா ஒரு தடவை” என்றாள். வருகிறேன் என்றேன், இன்னும் போகவில்லை. எதிர் வீட்டுக்கு இப்போது ஒரு வயலின் வாத்தியாரும் அவர் மனைவியும் வந்திருக்கிறார்கள். அவளுக்கு ஏழாம் மாதம்.